சாய்கோடு

காட்பாடிக் கிளையின் மேலாளர்
விண்ணப்பத்தை இரண்டு முறை புரட்டினார்.
"டென்னிஸ் சரி. தனியா ஆடமாட்டீங்களா சார்?"
மாட்டேன். இருபத்தாறு வயதில் விட்டுவிட்டேன்.
இப்போது முப்பத்தேழு.
"வீடு கட்டறதுக்கா?"
இல்லை. ஆறு போட்டிகள்,
விமானச் சீட்டு, நரம்பு கட்டும் கூலி,
இரண்டு பேர் பங்குபோடும் ஓட்டல் அறை.
ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் இருந்த தொகையைப் பார்த்து
அவர் புருவம் ஏறியது.
அது ஏற்கெனவே பாதி என்று நான் சொல்லவில்லை.

ஆட்டப் பட்டியலில் என் பெயர் தனியாக வராது.
மு. தணிகைவேல், பிறகு ஒரு சாய்கோடு,
அதற்கு அப்பால் யாரோ ஒருவன்.
பதினோரு வருடத்தில் பதினான்கு யாரோ.
மாத்தேய் தூக்கத்தில் பல்லைக் கடிப்பான்.
இக்னாசியோ தோற்ற இரவுகளில்
ஷூவைக் கழற்றாமல் படுப்பான்.
ஒருத்தன் தோஹா விமான நிலையத்தில்
காபி வாங்கப் போன இடத்திலிருந்து செய்தி அனுப்பினான்:
மன்னிச்சுக்கோ, வேற ஆள் கிடைச்சுட்டான்.
அதே வாக்கியத்தை
அல்மாட்டியில் நான் ஒருவனுக்கு அனுப்பியிருக்கிறேன்,
அவன் பக்கத்துக் கட்டிலில் குளித்துவிட்டு வந்து உட்காரும் முன்.

எல்லோருக்கும் ஒரே ஒரு சொல் கற்றுக்கொடுத்தேன்.
உட்டுடு.
வெளியே போகும் பந்து என்று எனக்குத் தெரிந்தால்
வலைப்பக்கம் நிற்பவனுக்குக் கத்துவேன், உட்டுடு.
எதிராளிக்குப் புரியாது.
இக்னாசியோ இப்போது ஆடுவதில்லை.
சாண்டியாகோவில் அவன் மகள்
நாய் வாலைப் பிடித்து இழுக்கும்போது
அந்தக் குழந்தையிடம்
வேலூர்த் தமிழில் அதட்டுகிறானாம்.

வலையருகே குனிந்து நிற்கும்போது
கை முதுகுக்குப் பின்னால்.
இரண்டு விரல் என்றால் இடம் மாறுவேன்.
அடிப்பவன் எனக்குப் பின்னால்.
இருநூறு கிலோமீட்டர் வேகத்தில்
பந்து காதை உரசிக்கொண்டு போகும்.
திரும்பிப் பார்க்கக் கூடாது.
பதினான்கு பேரையும்
மூளை நம்பியதா, தெரியாது.
பிடரி நம்பியது.

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை
என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
அப்பா தொரப்பாடிச் சிறையில் வார்டர்.
குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மதில்,
அதுதான் என் மைதானம்.
அதற்கு அந்தப் பக்கம் கைதிகளின் காய்கறித் தோட்டம்.
பந்து மேலே எகிறி உள்ளே விழும்.
காத்திருப்பேன்.
சில நாள் வரும், சில நாள் வராது.
வரும்போது கத்தரிச் செடியின் முள் ஒட்டியிருக்கும்,
ஒரு தடவை ஈரமாக, கழுவியதுபோல.
எறிந்த ஆளை நான் பார்த்ததே இல்லை.
பிறகு வேண்டுமென்றே
உயரமாக அடிக்க ஆரம்பித்தேன்.
ஒரு சித்திரையில் நின்றுபோனது.
விடுதலையா, வேறு சிறையா,
அப்பாவிடம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பந்தைப் பிடுங்கியிருப்பார்.
கணக்கில் சேர்ப்பதென்றால் பதினைந்து.

"இணை விண்ணப்பதாரர் வேணும் சார்" என்றார் மேலாளர்.
"நிரந்தர வருமானம் இருக்கிறவங்க."
செண்பகவல்லி ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து
நேராக வந்தாள்.
சம்பளச் சீட்டை மேசையில் வைத்தாள்.
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"ஆறு. ஏழாவதுன்னா என்னைக் கூப்பிடாதே."
கையெழுத்தின் கடைசி எழுத்தில்
பேனா மை தீர்ந்தது, மேலாளர் வேறு கொடுத்தார்.
கோப்பின் மேலட்டையில்
எங்கள் இரண்டு பெயரையும் எழுதினார்,
நடுவில் சாய்வாக ஒரு கோடு.

வெளியே மே மாதம்.
வண்டி இருக்கை தோசைக்கல்.
போன வாரம் ஊசி போட்ட தோளோடு
நான் சாவியைத் தேட,
அவளே எடுத்து ஓட்டினாள்.
பின்னால் உட்கார்ந்தேன்.
பாலாற்றுப் பாலம் முழுக்க
ஒரு லாரி எங்கள் பக்கமாகவே சாய்ந்து வந்தது.
அவள் திரும்பவில்லை.
பிடரியில்
முகக்கவசக் கயிற்றின் தடம்
இன்னும் சிவப்பாக.